'வரேன்' சொல்லக்கூடாத வேலை

என் மனைவியின் இறுதிச் சடங்குக்கு நான் இருநூறு நாற்காலி சொல்லியிருந்தேன். வந்தது நூற்று அறுபத்து நான்கு. அவற்றிலும் ஒன்பதுக்குக் கால் ஆடியது.

மனைவியின் உடல் கூடத்தில் கிடக்கும்போது வெளியே நின்று நாற்காலி எண்ணுகிறவன் என்ன மனிதன் என்று நீங்கள் கேட்கலாம். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அன்றைக்கே கேட்டுவிட்டார். நான் என்ன செய்ய? மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் ஸ்டோரில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவன். ஒரு டிரம் குறைந்தால் சோறு இறங்காது. எண்ணாமல் இரு என்பது எனக்கு மூச்சு விடாமல் இரு என்பது மாதிரி.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சடங்குக்கு முந்தின நாள் காலை அவள் வழக்கம்போல் கேட் வரைக்கும் வந்து "போயிட்டு வாங்க" என்றாள். நான் போய்விட்டு வந்தேன். காலையில் அவள் காயப்போட்ட துணி கொடியில் கிடந்தது. அவள்தான் இல்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அதற்கு நான் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. ஆனால் சடங்குக்குச் சொல்லலாம். தேவாரம் பாட வந்தவர் கைப்பேசியைப் பார்த்தபடியே பாடினார். சவப்பெட்டி ஏற்றும் வேனைப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதை வெளியே எடுக்கப் பந்தலின் இரண்டு கம்புகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. உடலை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று மச்சான் கத்தினார். எங்கள் ரப்பர் தோட்டத்து வழக்கம் அதுவல்ல என்று என் சித்தப்பா கத்தினார். தூக்கியவர்கள் பாதி இப்படியும் பாதி அப்படியும் திரும்பினார்கள். எங்கள் ஒரே மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சுடலையில் நான் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தபோது, சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போட வேண்டியவர் இரண்டுதான் போட்டார். மூன்றாவது சுற்றில் அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்ததும் நேராக அந்த ஈமச்சடங்கு சேவைக் கடைக்குப் போனேன். ஜொகூர் பாருவில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்துக் கடை. முதலாளி ஒரு பெண்மணி. கணவர் நடத்திய தொழிலை அவர் போன பிறகு எடுத்து நடத்துகிறவர். எல்லாருக்கும் அக்கா. நான் போன நேரத்தில் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டேதான் சாப்பிடுறேன்."

"நாற்காலி முப்பத்தாறு குறைவு. ஒன்பது ஆடுது. வேன் பந்தலுக்குப் பின்னால நின்னுச்சு. இடமா வலமான்னு சொல்ல உங்க ஆளு ஒருத்தரும் இல்ல. குடத்துல ஓட்டை ரெண்டுதான்."

"அலாமாக். ஓட்டையைக்கூடவா எண்ணுனீங்க?"

"குடம் என் தோள்லதான் இருந்துச்சு. எத்தனை பக்கம் தண்ணி ஊத்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கறிபாப்பைக் கீழே வைத்தார். "சார், என்கிட்ட இருக்கிறது நாலு ஆளு. ரெண்டு பேரு குடிப்பானுங்க. ஒருத்தனுக்கு முதுகு வலி. ஒருத்தன் எப்பவும் போன்ல. இவ்வளவு எண்ணுறீங்களே, நீங்களே வந்து செய்யுங்களேன் லா."

குத்தலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம். ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னால் பதில் சொல்லும் முறை இதுவா? அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு கரண்டி. எண்ணத் தொடங்குமுன் முடிந்துவிட்டது.

அந்தச் சமயம் தொழிற்சாலையில் ஐம்பது தாண்டியவர்களை, விருப்பமிருந்தால் விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு விருப்பம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி நாள் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அந்தக் கடை வாசலில் போய் நின்றேன்.

"ஐயோ, நெசமாவே வந்துட்டீங்களா?" என்றார் அக்கா.

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிட்டா எல்லாரும் வந்துருவாங்களா? பயந்து ஓடத்தான் செய்வாங்க." பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார். "பின்னால குடோன்ல நாற்காலி இருக்கு. முதல்ல அதை எண்ணுங்க."

என் மகள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கெலாங் பாத்தாவில் மூன்று தோழிகளோடு அறை எடுத்து, இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உலகத்துல வேற வேலையே இல்லையாப்பா? டாக்சி ஓட்டுங்க. செக்யூரிட்டி போங்க. அம்மா போனதுக்கு அப்புறம் தினமும் சாவு வீட்டுக்கேவா போவாங்க?"

"யாராவது ஒழுங்கா செய்யணும்ல."

"நாளைக்கு என்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்க, அப்பா என்ன செய்றாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"சேவைன்னு சொல்லு."

"என்ன சேவை?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவின் மேல் கீல் அன்றைக்குக் கழன்றது.

வேலை ஒன்றும் கடினமாக இல்லை. கூட்டம் எவ்வளவு என்று வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினால் தெரிந்துவிடும். வேனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முதலிலேயே போய்ப் பார்த்துக்கொள்வேன். இடமா வலமா என்று பெரியவர்கள் சண்டை போடத் தொடங்கும் முன்னாலேயே, இந்த வீட்டில் மூத்தவர் யார் என்று கேட்டு அவர் சொன்னதை எல்லாரும் கேட்க ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுவேன். முதலில் நான் தனியாகப் பொறுப்பேற்ற வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. நாற்காலி முழுசாக வந்தது. குடத்தில் மூன்று ஓட்டை. எனக்கே மனம் நிறைந்துபோயிற்று. அதுதான் கெடுத்தது. கிளம்பும்போது வீட்டு மூத்த மகனிடம் கையைக் கூப்பி, "அப்ப நான் போயிட்டு வரேங்க. எப்ப தேவைன்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிக் கடை அட்டையையும் நீட்டிவிட்டேன்.

வீடு அப்படியே அடங்கிப்போயிற்று. மூலையில் இருந்த ஒரு கிழவி மட்டும் எழுந்தாள்.

"எதுக்குடா வர்றே? இன்னும் யாரைத் தூக்குறதுக்கு வர்றே?"

வேனில் ஏறி உட்கார்ந்தேன். அக்கா வண்டியைக் கடைத்தெரு வரைக்கும் ஓட்டினார். பிறகு தொடங்கினார்.

"சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் சார். சாவு வீட்டுல வரேன்னும் சொல்லக்கூடாது, வாங்கன்னும் சொல்லக்கூடாது."

"எனக்கும் தெரியும். பொறந்ததுல இருந்து தெரியும். மரியாதைக்கு வாயில வந்துருச்சு."

"மரியாதையை வேன்லயே வச்சுட்டு எறங்குங்க."

அன்றிலிருந்து பழகினேன். வேலை முடிந்ததும் கை கூப்ப வேண்டும். உதட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை தலையை அசைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். பின்னால் பார்க்கக்கூடாது. நன்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை, அட்டையும் இல்லை. அட்டையை வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ளும்படி தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஐம்பது வருடப் பழக்கத்தை மாற்றுவது லேசா? வேனில் உட்கார்ந்து உதட்டை இறுக்கிப் பயிற்சி செய்திருக்கிறேன். போகப் போக அது படிந்துவிட்டது.

ஒரு விஷயம் படிந்துவிட்டால் அது வேலை இடத்தோடு நிற்குமா? மளிகைக் கடையில் சாமானை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். கடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம், சாருக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டாராம். தீபாவளிக்கு மச்சான் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி, தலையை அசைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்து, "ஏண்ணே, நாங்க எல்லாம் உசுரோடதானே இருக்கோம்?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கிளம்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் கதவை மறித்து நின்று, 'வரேன்' என்ற அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் விடுவார். தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, தன்னோடு வேலை செய்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். குடும்பம் யோங் பெங்கில். பையனின் அம்மா சொல்வதுதான் அங்கே சட்டம். சகுனம், நேரம், ராசி எல்லாம் பார்க்கிறவர். என் வேலை என்னவென்று பையனுக்குத் தெரியும், அவன் வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

மச்சானுக்குத் தகவல் போயிற்று. தாய்மாமன் இல்லாமல் எப்படி? அவர் வந்து உட்கார்ந்ததும் தீர்ப்புச் சொன்னார். "மாப்ள, டிரான்ஸ்போர்ட்டுன்னு சொல்லிக்கலாம்."

"பொய்யா சொல்றது?"

"எது பொய்? வேன் இருக்கா? ஆளை ஏத்துறீங்களா? எறக்குறீங்களா? டிரான்ஸ்போர்ட்டுதான்."

"ஏறுற ஆளு திரும்பி வர்றதில்லையே மச்சான்."

"இந்த வாய்தான் மாப்ள உங்களுக்கு எதிரி."

மகள் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. வேற யாரையும் தேட எனக்குத் தெம்பு இல்ல. ஒரே ஒரு நாள். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இருங்கப்பா."

அவள் என்னிடம் ஏதாவது கேட்டே வருடக்கணக்கு ஆகியிருந்தது. சரி என்றேன்.

ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். வந்தது பதினொன்று. மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. வீட்டில் ஒன்பது நாற்காலி. கடைக் குடோனில் முந்நூறு சும்மா கிடக்கிறது, நான்கை எடுத்துவரலாம் என்றால், "அந்த நாற்காலியில சம்பந்தியை உட்கார வைப்பீங்களா?" என்று மச்சான் பல்லைக் கடித்தார். நான் நின்றேன். மச்சான் நின்றார். பையனும் அவன் தம்பியும் நின்றார்கள். இத்தனை பேர் நிற்கிற கூடத்தில் மகள் பலகாரத் தட்டோடு நுழைந்தபோது தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளும் நின்றாள்.

பையனின் அம்மா பெரிய பொட்டு வைத்த, எதையும் இரண்டு தடவை பார்க்கிற பெண்மணி. வடையைப் பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சம்பந்தி என்ன தொழில் செய்றாரு?"

"டிரான்ஸ்போர்ட்டு" என்றார் மச்சான்.

"லோரியா, பஸ்ஸா?"

"வேன்."

"எத்தனை வேன்?"

எண்ணிக்கை கேட்டால் எனக்கு வாய் நிற்காது. "மூணு. ஒண்ணு ஒர்க்‌ஷாப்புல நிக்குது" என்றேன்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்துற வேனா?"

மச்சானுக்கு இருமல் வந்தது. "எல்லா வயசுக்காரங்களும் ஏறுவாங்க" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். எப்படி இறுக்குவது என்றுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகவே போயிற்று. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ராசி பொருந்துகிறது என்றார்கள். அடுத்த மாதம் பரிசத் தட்டோடு வருகிறோம் என்று பையனின் அம்மாவே வாயால் சொன்னார். மச்சான் எனக்குக் கண் காட்டினார். பதினொரு பேரும் கிளம்ப, நாங்களும் கேட் வரைக்கும் போனோம். பையனின் அப்பா, அதிகம் பேசாதவர், என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"அப்ப நாங்க போயிட்டு வர்றோம் சம்பந்தி."

நான் கையைக் கூப்பினேன். ஒருமுறை தலையை அசைத்தேன். திரும்பினேன். வீட்டை நோக்கி நடந்தேன். பின்னால் பார்க்கவில்லை.

வாசற்படியில் கால் வைத்தபோதுதான் பின்னால் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. எனக்கு அந்த அமைதி தெரியும். கிழவி எழுந்து நின்ற வீட்டில் கேட்ட அமைதி.

"என்னங்க இது?" பையனின் அம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "கெளம்புறவங்களைப் போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம திரும்பிப் போறாரு? நாங்க என்ன சாவு வீட்டுக்கா வந்தோம்?"

"அவருக்குக் காது கொஞ்சம்..." என்று தொடங்கினார் மச்சான்.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா."

மகள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிக் கேட்டுக்குப் போனாள். "அத்தை, எங்கப்பா சாவுக் காரியம் செய்றாரு. பெட்டி, வேன், பந்தல் எல்லாம். அங்க போயிட்டு வரேன்னும் சொல்லக்கூடாது, வாங்கன்னும் சொல்லக்கூடாது. சொல்லாம இருந்து இருந்து அவருக்கு அந்த வார்த்தையே போயிருச்சு. இந்த வீட்டுல வந்தவங்களை வழியனுப்புறது எங்கம்மாதான். அவங்க இல்ல. அதனால நான் சொல்றேன். போயிட்டு வாங்க. வரணும்னு தோணுனா வாங்க."

பையன் மட்டும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இரண்டு காரும் ஒரு வேனும் கிளம்பிப் போயின.

"ஒரு வார்த்தை மாப்ள. ஒரே ஒரு வார்த்தை" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். கிளம்பும்போது அவரும் ஒன்றும் சொல்லாமல் போனார்.

வடை நாற்பத்தொன்று மிச்சம். மகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவளைகளைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன்.

"எதுக்கும்மா நீ சொன்னே? மாமா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பாரு."

"அம்மா குடத்துல ரெண்டு ஓட்டைதான்னு கடைக்குப் போய்ச் சண்டை போட்டீங்கள்ல, அதையும் சொல்லலாம்னு பார்த்தேன். ரொம்பப் பயந்துருவாங்கன்னு விட்டுட்டேன்." அவள் திரும்பவில்லை. குழாயை அடைத்தாள். "இந்தக் குவளையை நல்லா துடைங்கப்பா, ஈரமா இருக்கு."

யோங் பெங்கிலிருந்து பேச்சே இல்லை. பையன் வீட்டில் சண்டை நடக்கிறது என்றாள் மகள். அதற்கு மேல் நான் கேட்டால் அவள் முகம் சுருங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போய் வேலையை விடுகிறேன் என்றேன். அக்கா அன்றைக்கும் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா எப்போதும் ஏதாவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

"விட்டா அந்த வார்த்தை திரும்பி வந்துருமா சார்?"

"கல்யாணம் நிக்காம இருக்கும்ல."

"அவங்களுக்குத் தெரிஞ்சாச்சு. இனிமே நீங்க வேலையை விட்டாலும் சாவு வேலை செஞ்சவருதான். செய்றவருன்னா சம்பளமாச்சும் இருக்கும். போய் உட்காருங்க. நாளைக்கு ரெண்டு வீடு இருக்கு, நாற்காலி பத்தாது."

நான் எரிச்சலோடு போய் உட்கார்ந்தேன். சரியாகப் பேசுகிறவர்களைப் போல எரிச்சல் ஊட்டுகிறவர்கள் கிடையாது.

பிறகு ஒரு மத்தியானம் என் கைப்பேசிக்கே அழைப்பு வந்தது. பையனின் அம்மா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சம்பந்தி, எம்மவன் சோறு திங்க மாட்டேங்கிறான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க வீட்டுல அன்னைக்கு உண்மை பேசுனது உங்க பொண்ணு ஒருத்திதான். அவளை விட்டுட்டு உங்க மச்சான் மாதிரி ஆளுங்க வீட்டுல போயி நான் பொண்ணு எடுக்கணுமா?"

"இல்லங்க."

"தட்டு எடுத்துட்டு வர்றோம். ஆனா ஒண்ணு. அது அபசகுனம்தான், நான் இல்லேன்னு சொல்லல. அதுக்குப் பரிகாரம் இருக்கு. நாங்க கெளம்புறப்ப நீங்க உங்க வாயால சொல்லணும். பொண்ணு சொல்லக்கூடாது, மச்சான் சொல்லக்கூடாது. நீங்க சொல்ற வரைக்கும் நான் கார்ல ஏற மாட்டேன்."

பதினொரு தட்டு என்றார்கள், பதின்மூன்று வந்தது. நாற்காலி அன்றைக்கும் போதவில்லை. சடங்கு முடிந்து எல்லாரும் கேட்டுக்குப் போனோம். பையனின் அம்மா கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். நான் கையைக் கூப்பினேன். உதடு தானாக இறுகிக்கொண்டது. மகள் என் பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் இருந்தாள். எங்கேயிருந்து எடுப்பது என்று தெரியாமல், தினமும் காலையில் அதே கேட்டில் அதைச் சொன்னவளின் குரலை நினைத்துக்கொண்டேன். அதே இழுப்போடுதான் வந்தது.

"போயிட்டு வாங்க."

"வர்றேன்" என்றார் சம்பந்தியம்மா. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாண நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

இப்போது எனக்கு அறுபத்தாறு. இன்னும் அதே கடை, அதே அக்கா. பேத்தி ஒருத்தி இருக்கிறாள். சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் என் வீட்டுக்கும் வருகிறார், ஒரு தடவைகூட அந்த நிபந்தனையை விட்டதில்லை. போன வாரமும் அப்படித்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறார், இவர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்கிறார்.

"சொல்லுங்க சம்பந்தி, மழை வருது."

"இருங்க, வருது."

"எது, மழையா?"

சொல்லித் தொலைத்தேன். அவர் திருப்தியோடு ஏறிப் போனார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. வாய் பழகிக்கொண்டு வருகிறது. மறுநாள் ஒரு வீட்டில் வேலை முடிந்து, மூத்த மகனுக்கு முன்னால் கையைக் கூப்பி நின்றபோது அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டுத் திரும்பி நடந்தேன். வேனில் ஏறியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார், மரியாதை வெளிய வரப் பார்த்துச்சா?"

"வண்டியை எடுங்க" என்றேன்.